வேலூரும் அமெரிக்காவும்: நூற்றாண்டு தாண்டிய கொடுக்கல் வாங்கல்

செய்தித்தாளில் வேலூர்ப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இந்தப் படம் நன்றாகவே பழக்கம். நீளமான ஒரு மேஜை, அதன்மேல் இரண்டு குட்டிக் கொடிகள். கோட்டுப் போட்ட ஒருவரும் பொன்னாடை போர்த்திய ஒருவரும் ஃபைலை மாற்றிக்கொள்கிறார்கள். பின்னால் பத்துப் பேர் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். அடியில், 'அமெரிக்கப் பல்கலைக்கழகத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்று ஒரு வரி. அந்த ஃபைல் அப்புறம் என்ன ஆனது என்று எந்தச் செய்தியிலும் வராது. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்பதுதான் காரணம். புரிந்துணர்வு ஒப்பந்தம், அதாவது எம்.ஓ.யூ. என்பது பெண் பார்த்துவிட்டு வந்து, 'எங்களுக்குப் பிடித்திருக்கிறது, வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம்' என்று சொல்வதைப் போன்றது. தாம்பூலம் மாற்றுவதெல்லாம் அதற்கு ரொம்பத் தள்ளி.

ஒரு கல்வி நிறுவனத்துக்கும் வெளிநாட்டுக்கும் உள்ள உறவு நிஜமா, வெறும் படமா என்று தெரிய வேண்டுமானால் வேறு விஷயங்களைப் பார்க்க வேண்டும். பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? போன ஆட்கள் திரும்பி வந்தார்களா? ஆராய்ச்சியில் கேட்கப்பட்ட கேள்வி யாருடையது? இப்படிப் பார்ப்பதற்கு வேலூரை விட நல்ல ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம். இங்கே இந்தக் கணக்கு 1900-லிருந்தே ஓடுகிறது. அதில் பெரும்பகுதி ஒரே வளாகத்தைச் சுற்றி நடந்தது: கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, ஊரார் வாயில் சி.எம்.சி. சட்டப்படி அது பல்கலைக்கழகம் இல்லை. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டம் தரும் ஒரு கல்லூரிதான். ஆனாலும் ஆராய்ச்சிக் கூட்டு என்று பேச்சு வந்தால் பல பல்கலைக்கழகங்கள் அதன் பின்னால்தான் நிற்க வேண்டும்.

தொடக்கத்தில் வந்தது பணம். அதுவும் தேவாலயப் பணம். அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். பழைய வடாற்காடு மாவட்டத்தில் இன்று நாம் பார்க்கிற பல பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் அதன் வழியாக வந்தவைதான். வேலூர் ஊரிசு கல்லூரியின் பெயரில் இருப்பதே ஓர் அமெரிக்கக் கொடையாளரின் குடும்பப் பெயர். ஊரிசு என்று நம் நாக்குக்குத் தக்கபடி ஆகிவிட்டதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. பின்னாளில் குடியரசுத் தலைவரான எஸ். ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போவதற்கு முன் படித்தது அங்கேதான்.

அந்த ஸ்கடர் குடும்பத்தில் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். பெண் டாக்டர் இல்லாமல் பிரசவ வேதனையில் மூன்று பெண்கள் ஒரே இரவில் இறந்துபோனதைப் பார்த்து அவர் டாக்டராக முடிவு செய்த கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை நீட்டவில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1899-இல் தேறினார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் அணி அது. 1900-இல் இங்கே திரும்பியபோது அவர் கையில் 10,000 டாலர் இருந்தது. ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாகக் கொடுத்தது. அதில் கட்டிய 40 படுக்கை ஆஸ்பத்திரி 1902-இல் திறந்தது. 1909-இல் நர்சிங் பள்ளி வந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அப்போது பட்டம் கிடையாது, எல்.எம்.பி. என்கிற உரிமச் சான்றிதழ்தான். முதல் அணியில் 14 பேர் 1922-இல் படிப்பை முடித்தார்கள்.

இந்தக் காலத்தின் பெரிய பணக்கதை 1920-களின் ஆரம்பத்தில் நடந்தது. ஆசியாவில் இருந்த ஏழு பெண்கள் கல்லூரிகளுக்குச் சேர்த்து அமெரிக்காவில் ஒரே வசூல் இயக்கம் நடத்தினார்கள். வேலூர் அவற்றில் ஒன்று. லூசி பீபாடி என்ற அம்மையார் முன்னால் நின்றார். பெண்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால் தாங்கள் 10 லட்சம் போடுகிறோம் என்று ராக்பெல்லர் நிதியம் சொன்னது. திரட்டிக் காட்டினார்கள். 'மேட்சிங் கிராண்ட்' என்று இன்று நிறுவனங்கள் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு, சி.எம்.சி.யின் கல்லூரி இருக்கும் பாகாயம் வளாகத்துக்கு நூறு வருடம் முன்பே அறிமுகம்.

அப்புறம் ஒரு நெருக்கடி. 1930-களின் கடைசியில் சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. படிப்பை நிறுத்தியது. எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும். உயர்வதென்றால் படுக்கைகள், பேராசிரியர்கள், ஆய்வகங்கள், எல்லாமே வேண்டும். 1941-இல் ஐடா ஸ்கடர் தன் 70-ஆவது வயதில் மறுபடி அமெரிக்கா போய் ஊர் ஊராகக் கை நீட்டினார். பெண்களுக்கென்று ஆரம்பித்த கல்லூரியில் ஆண்களையும் சேர்ப்பது, பல திருச்சபைகள் கூடி நடத்துவது என்ற முடிவுகள் இந்த நெருக்கடியில் பிறந்தவைதான். 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைப்புக் கிடைத்தது. 1947-இல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். பெண்களுக்காகக் காசு கொடுத்த அமெரிக்கப் பெண்கள் சிலருக்கு இதில் கோபம் இருந்தது. எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே தெரிகிறது. ஆனால் மூடிய கல்லூரியால் யாருக்கும் பயன் இல்லை.

இதுவரை நடந்ததைக் கூட்டு என்று சொல்ல முடியாது. அவர்கள் கொடுத்தார்கள், நாம் வாங்கினோம். அடுத்த கட்டத்தில்தான் ஆட்கள் நடமாடத் தொடங்கினார்கள். 1940-களின் பின்பாதியில் பல நாட்டுக்காரர்கள் வேலூருக்கு வந்தார்கள். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட் 1946-இல் வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை இங்கேதான் உருவாக்கினார். கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த செல்வின் பேக்கர், வடாற்காட்டு கிராமங்களில் 1960-களில் பரவிய ஸ்ப்ரூ என்ற தீராத வயிற்றுப்போக்கைத் துருவி ஆராய்ந்தார்.

போய்த் திரும்பியவர்களில் நான் முதலில் சொல்வது மேரி வர்கீஸைத்தான். சி.எம்.சி.யிலேயே படித்தவர். 1954-இல் நடந்த ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை என்று தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். முதலில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிகிச்சை. அப்புறம் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் பயிற்சி. அங்கேயே இருந்திருக்கலாம். சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை வைத்த கட்டடங்கள் அங்கே இருந்தன, இங்கே இல்லை. ஆனாலும் திரும்பி வந்து, உடல் மறுவாழ்வு மருத்துவத்துக்கென்று ஒரு துறையை நடத்தினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. வெளிநாட்டுப் பயிற்சி ஓர் ஊருக்கு என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் அந்தக் கட்டடத்தைக் காட்டலாம்.

மேற்கே கற்றுக்கொண்டு கிழக்கே கொண்டுவருவது மட்டும்தான் நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். எதிர்த்திசையிலும் சரக்கு போனது. பால் பிராண்ட் 1966-இல் அமெரிக்கா போய் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். வேலூரிலும் காட்பாடிக்குப் பக்கத்துக் கரிகிரியிலும் அவர் கற்றிருந்த பாடம் ஒன்று உண்டு. தொழுநோய் கால் அழுகுவதற்கு முக்கியக் காரணம் கிருமி இல்லை. வலி தெரியாததால் அந்த மனிதர் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருக்கிறார். ஆகவே வைத்தியம் மருந்துக் கடையில் மட்டும் இல்லை, செருப்பிலும் இருக்கிறது. மெத்தென்ற நுண்ணறை ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு இங்கே புழக்கத்துக்கு வந்த பின்னணி அதுதான். (ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோலும் செருப்புமாக இருக்கிற வட்டாரத்தில் இது நடந்தது பொருத்தம்தான்.) அமெரிக்காவில் தொழுநோயாளிகள் குறைவு, சர்க்கரை நோயாளிகள் ஏராளம். அவர்களுக்கும் பாதத்தில் உணர்ச்சி போய்விடுகிறது, புண் ஆறாமல் காலை எடுக்க வேண்டி வருகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் தொழுநோய் மருத்துவர்கள் 1930-களிலிருந்தே கையாண்ட, பாதத்தோடு ஒட்டிப்போகும் மாவுக்கட்டு முறையை பிராண்ட் அங்கே சர்க்கரை நோய்ப் புண்களுக்குக் கொண்டுபோனார். இன்று உலகம் முழுவதும் அது பாடப்புத்தக வைத்தியம். வடாற்காட்டில் கற்ற பாடம் அதன் அடியில் இருக்கிறது என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை.

1986-இல் நடந்தது இன்னொரு மாதிரி. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளோடு வேலூருக்கு ரயிலேறினார். எச்.ஐ.வி. சோதனை செய்யும் வசதி சி.எம்.சி. நச்சுயிரியல் துறையில் இருந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது கிருமி இருப்பதைக் காட்டின. உறுதி செய்வதற்காக மாதிரிகள் அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போயின. அங்கேயும் அதே முடிவு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான். இதில் எந்தக் கொடியும் மேஜையும் இல்லை. கேள்வி சென்னையில், சோதனை வேலூரில், ஊர்ஜிதம் பால்டிமோரில். நடுவில் இருந்தது ஒருவரை ஒருவர் அறிந்த ஆய்வகங்களின் நம்பிக்கை. ஆராய்ச்சிக் கூட்டு என்று சொல்வது கடைசியில் அந்த நம்பிக்கையைத்தான்.

கேள்வி யாருடையது என்று பார்க்க ரோட்டா வைரஸ் ஆய்வு நல்ல உதாரணம். குழந்தைகளுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்குக்கு இந்த வைரஸ் முக்கியக் காரணம். மெக்சிகோவில் நடந்து 1996-இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டு முறை தொற்று வந்து போனால் மூன்றாம் முறை கடுமையாக வராது என்று காட்டியது. தடுப்பூசிக்காரர்கள் எல்லோரும் அதை நம்பித்தான் கணக்குப் போட்டார்கள். நம் பிள்ளைகளுக்கும் அது பொருந்துமா? 2002-இல் தொடங்கி, வேலூரின் ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா பகுதிகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கே போனார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழந்தையின் மலத்தை டப்பாவில் வாங்கி வந்தார்கள். வயிற்றுப்போக்கு வந்தால் தனியாக வேறு. பீடி சுற்றிப் பிழைக்கிற வீடுகள் நிறைந்த தெருக்கள் அவை. 373 குழந்தைகளின் கணக்கு முழுதாகக் கிடைத்தது. மூன்று தொற்றுக்குப் பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான் என்று தெரிந்தது. மெக்சிகோ கணக்கு இங்கே செல்லாது. 2011-இல் இது 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. பணம் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்டுடையது, இதழ் அமெரிக்காவுடையது, கேள்வி மட்டும் வேலூருடையது.

தொடர்ந்து வந்த ரோட்டாவாக் தடுப்பூசியில் அமெரிக்கப் பங்கு நேரடியானது. டெல்லிக் குழந்தை ஒன்றிடமிருந்து பிரித்த வைரஸ் வகை, இந்திய உயிர்த்தொழில்நுட்பத் துறை, ஹைதராபாத் பாரத் பயோடெக், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்., நோய்க் கட்டுப்பாட்டு மையம் சி.டி.சி., ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், பாத் (PATH) என்ற சுகாதாரத் தொண்டு அமைப்பு என்று கூட்டம் பெரியது. டெல்லி, புனே, வேலூர் என மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் கடைசிக் கட்டச் சோதனை நடந்தது. கடும் நோயிலிருந்து முதல் வருடத்தில் கிடைத்த பாதுகாப்பு 50 சதவீதத்துக்குச் சற்று மேல். குறைவு என்று தோன்றலாம். வேலூர்த் தெருக்களின் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்காது. 2015-இல் ஊசி அறிமுகமானது. சொட்டு மருந்து என்பதே சரி, வாயில்தான் விடுகிறார்கள். இந்த ஆய்வுகளில் முன்னின்ற ககன்தீப் காங் சி.எம்.சி.யில் படித்தவர். 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

மிகச் சமீபத்தியது, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோய்க்கான மரபணு சிகிச்சை. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தது. நோயாளியின் ரத்தக் குருத்தணுக்களை எடுத்து, ரத்தம் உறையத் தேவையான மரபணுவை ஆய்வகத்தில் அவற்றுக்குள் நுழைத்து, மறுபடி அவர் உடம்பிலேயே செலுத்துகிறார்கள். 2024 டிசம்பரில் வெளியான அறிக்கையில் ஐந்து நோயாளிகள். கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு ரத்தக்கசிவே வரவில்லை. ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் வாழ்நாள் முழுக்க ஊசி போட்டுக்கொள்ள வசதி இல்லாத நாட்டுக்கு இந்த வழி எவ்வளவு தேவை என்பது ஹீமோஃபிலியா பிள்ளை இருக்கும் வீட்டில் கேட்டால் தெரியும்.

சரி, பழைய மாணவர்கள். சி.எம்.சி.யில் படித்தவர்கள் அமெரிக்காவில் எந்தப் பெரிய ஊருக்குப் போனாலும் இருப்பார்கள். அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் 1965-இல் மாறிய பிறகு இந்திய டாக்டர்கள் கூட்டமாகப் போன கதையில் வேலூருக்கும் பங்கு உண்டு. 'நம் காசில் படித்துவிட்டு அங்கே போய்விட்டார்கள்' என்ற பேச்சு அப்போதிலிருந்தே இருக்கிறது. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, பாண்டு. சி.எம்.சி.யில் சேர்கிறவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் சிறு ஊர் மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தாக வேண்டும். சட்டீஸ்கரிலும் அசாமிலும் வெளியே தெரியாத ஆஸ்பத்திரிகள் பல இந்த இளம் டாக்டர்களால்தான் ஓடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவிலும் இதற்கு ஒரு ஜோடி இருக்கிறது. ஜே-1 விசாவில் மேற்பயிற்சிக்குப் போகும் டாக்டர், முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அதிலிருந்து விலக்கு வேண்டுமானால் டாக்டர் கிடைக்காத அமெரிக்கக் கிராமப்புறத்தில் மூன்று வருடம் வேலை பார்க்கலாம். பாகாயத்தில் படித்த ஒருவர் முதலில் இங்கே ஒரு பட்டிக்காட்டிலும் அப்புறம் அங்கே ஒரு பட்டிக்காட்டிலும் வேலை பார்த்த பிறகுதான் நகரத்தைப் பார்க்கிறார்.

அவர்கள் பணம் திரும்பி வரும் வழியும் தெரிந்துகொள்ளத் தக்கது. நியூயார்க்கில் வேலூர் சி.எம்.சி. ஃபவுண்டேஷன் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கிற பழைய மாணவர் அங்கே கொடுத்தால் வரிச்சலுகை உண்டு. பிரிட்டனில் அதே வேலைக்கு 'வேலூரின் நண்பர்கள்' என்ற பெயரில் ஓர் அமைப்பு. அங்கிருந்து இங்கே வரும்போது வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம், அதாவது எஃப்.சி.ஆர்.ஏ. குறுக்கே நிற்கும். இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணம் ஆகாது. அதே வகுப்பில் பக்கத்து பெஞ்சில் இருந்தவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டுப் பணம். 2020 திருத்தத்துக்குப் பிறகு இப்படி வரும் பணமெல்லாம் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் முதலில் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நிறுவனம் வாங்கியதை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. கிராமத்துச் சிறு அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்த திட்டங்களுக்கு இந்தக் கடைசி விதி பெரிய அடி. கறுப்புப் பணத்தைத் தடுக்க வேண்டியதுதான். அதற்கு இந்த வழியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

காட்பாடிப் பக்கம் வி.ஐ.டி. என்ற தனியார் பல்கலைக்கழகத்தின் கதை வேறு. 1984-இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அதன் அமெரிக்க உறவு பெரும்பாலும் மாணவர் வழியாக நடப்பது. பி.டெக். முடித்து எம்.எஸ்., அப்புறம் வேலை, அப்புறம் எச்-1பி என்கிற வேலை விசா. ஒப்பந்தங்களுக்கும் குறைவில்லை. ஆனால் இந்த உறவு விசா ஜன்னலில் தொங்குகிறது. 2025 செப்டம்பரில் புது எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தபோது, காட்பாடியில் பேச்சு வேறாக இருந்திருக்க வழியில்லை.

அதே வருடம் மே மாதம் வந்த இன்னோர் அறிவிப்பு செய்தித்தாளில் அவ்வளவாக அடிபடவில்லை. ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது பெரிய இடி. என்.ஐ.எச். பணம் வழக்கமாக ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போகும். அது தன் பங்கிலிருந்து வேலூர் போன்ற இடத்துக்கு 'சப்-அவார்டு' என்று பிரித்துக் கொடுக்கும். புது ஏற்பாடு வரும் வரை இப்படி வெளிநாட்டுக்குப் பிரித்துக் கொடுப்பதைப் புதிதாகச் செய்யப் போவதில்லை என்று என்.ஐ.எச். சொல்லிவிட்டது. இங்கே எஃப்.சி.ஆர்.ஏ. பணத்தைப் பிரிக்காதே என்கிறது, அங்கே என்.ஐ.எச். பிரிக்க மாட்டேன் என்றது. நடுவில் மாட்டிக்கொள்வது களப்பணியாளரின் சம்பளம். வீடு வீடாகப் போகிறவரை ஆறு மாதம் நிறுத்திவிட்டு மறுபடி கூப்பிட்டால், அந்த ஆறு மாதத்தில் குழந்தைக்கு என்ன வந்தது என்று எந்த இயந்திரமும் சொல்லாது.

2002-இல் தொடங்கிய ஆய்வில் டப்பாவில் மலம் கொடுத்த அந்தக் குழந்தைகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. அவர்களில் யாராவது பொறியியல் படித்து முடித்து, சென்னை அண்ணா மேம்பாலத்தின் ஓரத்தில் அமெரிக்கத் துணைத் தூதரக வரிசையில் ஃபைலோடு நின்றுகொண்டிருக்கலாம். தன் மூன்று வயது வரையிலான வயிற்றுக் கணக்கு ஓர் எண்ணாக அந்த நாட்டு இதழில் எப்போதோ அச்சாகிவிட்டது என்பது அவருக்கோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேள்வி கேட்கும் அதிகாரிக்கோ தெரிந்திருக்காது.